ஆறாத சுகர் புண்: ஓசோனா, வாக்யூம் கட்டா, வழக்கமான வைத்தியமா?

சர்க்கரை உள்ளவரின் காலில் புண் வந்து, சீழ் பிடித்து, மாதம் ஒன்றிரண்டு ஓடியும் ஆறவில்லை என்றால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிவிடும். பார்க்கும் டாக்டர் "விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் ஓசோன் தெரபியில் ஆறிப்போன காலின் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்னொரு மருத்துவமனையில் வாக்யூம் டிரெஸ்ஸிங் என்கிறார்கள், வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அறை என்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பெரும்பாலும் மகனோ மகளோ மருமகளோதான், பணத்தையும் புரட்ட வேண்டும், முடிவையும் எடுக்க வேண்டும், அந்தக் காலும் போய்விடக்கூடாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசோன் எடுக்கலாமா என்பது கடைசியாக வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் எந்த வைத்தியத்தில் பணத்தைப் போட்டாலும் புண் ஆறாது, ஓசோன் என்றில்லை, எதுவானாலும்.

எதை வைத்து எடை போடுவது

முதல் விஷயம் ரத்த ஓட்டம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால், கிருமியைக் கொல்லும் மருந்தும் புண் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது, சதை வளரத் தேவையான ஆக்சிஜனும் சேராது. சர்க்கரைப் புண்களில் ஏறத்தாழ பாதியில் இந்த அடைப்பும் கூடவே இருக்கிறது. கையில் எடுக்கும் பிரஷரையும் கணுக்காலில் எடுக்கும் பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம், ஆனால் பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போயிருக்கும், அதனால் கணுக்காலில் அளவு பொய்யாக நன்றாகவே வரும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் கட்டைவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும். அது 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் டாக்டரைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, புண்ணின் ஆழம். மேலே பார்த்தால் ஒரு ரூபாய் அளவுதான் இருக்கும், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். சுத்தம் செய்த மழுங்கல் முனைக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள், கடினமாக, கரடுமுரடாக ஏதோ தட்டினால் எலும்பு. அப்படித் தட்டினால் எலும்பிலும் கிருமி ஏறியிருக்கும் என்ற சந்தேகம் பலமாகிறது, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை இது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள், வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங் மட்டுமே நடந்துகொண்டிருந்தால் அவசியம் கேளுங்கள்.

மூன்றாவது, பாரம். உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்தால் அது ஆறவே ஆறாது. கால் மரத்துப் போயிருப்பதால் வலி தெரியாது, வலி தெரியாததால் அவர் பாட்டுக்குக் கடைக்கும் கோயிலுக்கும் நடப்பார்.

இவை மூன்றும் போக, கிருமித் தொற்று இப்போது இருக்கிறதா, எவ்வளவு தீவிரம் என்பது ஒன்று. செலவில் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பது இன்னொன்று. கடைசியாக, காலக்கெடு. சரியான வைத்தியம் தொடங்கி 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால் 12 வாரத்துக்குள் ஆறிவிட நல்ல வாய்ப்பு உண்டு, குறையவில்லை என்றால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புண்ணின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், செலவே இல்லாத வேலை, பின்னால் எந்த வைத்தியத்தைப் பற்றியும் பேச அதுதான் ஆதாரம்.

வழக்கமான வைத்தியம்

செத்த சதையை வெட்டி எடுப்பது, சீழை வடிய விடுவது, எந்தக் கிருமி என்று கல்ச்சர் சோதனையில் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ரத்தக்குழாய் அடைப்பைத் திறப்பது, காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் சேர்ந்ததுதான் இது. பலர் டிரெஸ்ஸிங் மாற்றுவதையே வழக்கமான வைத்தியம் என்று நினைத்து, "எல்லாம் பார்த்தாச்சு, ஆறல" என்கிறார்கள். விசாரித்தால் இந்த ஆறில் இரண்டோ மூன்றோதான் நடந்திருக்கும்.

அதிகம் விட்டுப்போவது பாரத்தைக் குறைப்பது. இதில் நம் பக்கத்துக்கே ஒரு பெரிய வரலாறு உண்டு. காலை முழுவதும் ஒட்டிப் பிடிக்கும்படி மாவுக்கட்டு போட்டு உள்ளங்கால் புண்ணை ஆற்றும் முறையை 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளுக்குச் செய்தார். பிறகு வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அதை வளர்த்தெடுத்து, 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுவதும் சர்க்கரைப் புண்ணுக்குச் சிறந்த பாரக்குறைப்பு என்று சொல்லப்படும் கட்டு அதுதான். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்பும் தொழுநோய் மருத்துவத்தில் இருந்து வந்ததே, ஆனால் அது புண் வராமல் தடுக்கவும் ஆறிய பிறகு மறுபடி வராமல் இருக்கவும் உதவுவது, திறந்த புண்ணுக்கு அது மட்டும் போதாது. ஒன்றை மறக்கக் கூடாது: சீழும் காய்ச்சலும் இருக்கும்போதோ ரத்த ஓட்டம் மோசமாக இருக்கும்போதோ கழற்ற முடியாத மாவுக்கட்டு போடமாட்டார்கள். அப்போது கழற்றி மாட்டும் பூட்ஸ், சக்கர நாற்காலி, வாக்கர் என்று ஏதாவது செய்ய வேண்டும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தோல், சதை அளவில் உள்ள தொற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பொதுவாகப் போதும். எலும்பில் ஏறி, அந்த எலும்பை எடுக்காமல் மருந்திலேயே பார்ப்பதென்றால் 6 வாரம். தொற்றுக்கான அறிகுறியே இல்லாத புண்ணுக்கு, ஆறட்டும் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது பயனில்லை, கிருமி மருந்துக்குப் பழகிப்போவதுதான் மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு: ஆள். தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கட்டுப் பிரிக்க வேண்டும், ஆட்டோ, கூட ஒருவர் லீவு போடுவது, நடக்கக்கூடாதென்பதால் சம்பாதிக்கிறவரே வீட்டில் உட்கார்ந்துவிடுவது. மருந்துச் செலவைவிட இது கூடிப்போகும் வீடுகள் நிறைய. அரசு மருத்துவமனைகளில் இந்த வைத்தியம் இலவசம், தனியாரில் ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை வருமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓசோன்

ஓசோன் என்பது மூன்று அணுக்கள் சேர்ந்த ஆக்சிஜன். நிலையில்லாதது, எதைத் தொட்டாலும் அதோடு வினை புரிந்து சாதாரண ஆக்சிஜனாகிவிடும். பாக்டீரியாவின் மேலுறையையும் அப்படித்தான் உடைக்கிறது, தண்ணீர் சுத்திகரிப்பில் காலகாலமாகப் பயன்படுவதும் இதனால்தான். முதல் உலகப்போர் காலத்திலேயே லண்டன் ராணுவ மருத்துவமனையில் சிப்பாய்களின் சீழ்ப்புண்களுக்கு இதைக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கியூபாவில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஆகவே முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

செய்யும் விதம் இப்படி: காலை ஈரப்படுத்தி, முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயைக் காற்றுப் போகாமல் டேப் சுற்றி ஒட்டுவார்கள். மருத்துவ ஆக்சிஜனை மின்சாரம் பாய்ச்சி ஓசோனாக்கும் கருவியிலிருந்து குழாய் வழியாகப் பைக்குள் வாயு போகும். அதில் ஓசோன் அதிகபட்சம் நூற்றுக்கு ஐந்து பங்கு, மிச்சம் ஆக்சிஜன். அரைமணி நேரம் போல வைத்திருந்துவிட்டு வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பையைப் பிரிப்பார்கள். சீழ் இருக்கும்போது கூடுதல் அடர்த்தி, சுத்தமாகிச் சிவந்த சதை வந்ததும் குறைந்த அடர்த்தி என்று மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டால் புதிதாக வளரும் சதையையே அது அரித்துவிடும். ஓசோன் ஏற்றிய எண்ணெய், ஓசோன் ஏற்றிய தண்ணீரில் கழுவுவது ஆகியவையும் உண்டு.

இதுவரை சொன்னது புண்ணின் மேல் செய்வது. ரத்தத்தை வெளியே எடுத்து ஓசோன் கலந்து திரும்ப ஏற்றுவது, ஆசனவாய் வழியாக வாயு செலுத்துவது என்று வேறு வகைகளும் இருக்கின்றன, ஓசோன் சென்டரில் பேக்கேஜ் என்று சொல்லும்போது பெரும்பாலும் இவற்றையும் சேர்த்தே சொல்வார்கள். அதனால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆபத்தின் அளவு ஒன்றுக்கொன்று வேறு. வாயுவை நேராக நரம்பில் ஏற்றுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், ரத்தக்குழாயில் காற்றுக்குமிழி அடைத்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

ஆதாரம் என்ன சொல்கிறது? ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் சர்க்கரைப் புண்ணுக்கு ஓசோனைப் பற்றி அலசியது. தேறிய ஆய்வுகள் மூன்று, மொத்தம் 212 பேர். கியூபாவில் 101 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களைவிட ஓசோன் எடுத்தவர்களுக்குப் புண்ணின் பரப்பு கூடுதலாகக் குறைந்தது, மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. ஆனால் முழுவதும் ஆறிய புண்களின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஓசோன் பலன் தரும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் காக்ரேன் முடித்தது.

அந்த மூன்றில் இஸ்ரேலில் நடந்த ஆய்வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் வரும் எண் அங்கிருந்து வருவதுதான். 61 பேரில் ஒரு பாதிக்கு ஓசோன், மறுபாதிக்குக் கருவி ஓடும் ஆனால் ஓசோன் வராது, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. சேர்ந்த எல்லாரையும் கணக்கில் எடுத்தால் புண் முழுவதும் மூடியது ஓசோனில் 41 சதவீதம், மற்றதில் 33 சதவீதம், தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய வித்தியாசம். கடைசிவரை நின்று முடித்தவர்களை மட்டும் எண்ணினால் ஓசோனில் 81 சதவீதம், மற்றதில் 44. பார்க்க அபாரமாகத்தான் இருக்கிறது, ஆனால் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் நடுவில் விலகிவிட்டார்கள். ஆறாதவர்கள் சலித்துப்போய் நின்றுவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் ஆறியவர்களாகத்தானே இருப்பார்கள். 81 என்ற எண்ணை மட்டும் காட்டி யாராவது பேசினால் இந்த 41-ஐயும் கேளுங்கள்.

சர்க்கரைக் கால் நோய்க்கான சர்வதேசக் குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில், புண் ஆறுவதற்காக ஓசோன் போன்ற வாயுக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏவின் விதி இன்னும் கடுமை, ஓசோன் ஒரு நச்சு வாயு, மருத்துவப் பயன் எதுவும் அறியப்படவில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான குறை வேறு. ஓசோன் தொட்ட இடத்திலேயே வினை புரிந்து தீர்ந்துவிடும் வாயு. சீழும் செத்த சதையும் மூடியிருக்கும் புண்ணில் அது முதலில் அந்தச் சீழோடும் சதையோடும்தான் மோதித் தீரும், அடியில் எலும்புக்குள் இருக்கும் கிருமிவரை போகாது. வெட்டிச் சுத்தம் செய்த பிறகு காட்டினால் மேல்மட்டக் கிருமியைக் குறைக்க உதவலாம். வெட்டாமலே ஆற்றிவிடும் என்று சொல்வதற்கு அதன் வேதியியலே இடம் கொடுக்காது.

மறைந்திருக்கும் செலவு: முதலில் காப்பீடு. மருத்துவ ஆதாரம் போதாத சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது என்று இந்தியப் பாலிசிகளில் ஒரு விலக்கு விதி உண்டு, ஓசோன் அதில் மாட்டிக்கொள்ளும். பத்து, இருபது சிட்டிங் என்று மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், நடுவில் நிறுத்தினால் திருப்பித் தருவார்களா என்று கேட்க வேண்டும். அப்புறம் நுரையீரல். ஓசோனை மூச்சில் இழுத்தால் இருமல், நெஞ்சுக்குள் எரிச்சல், ஆஸ்துமா இருந்தால் மூச்சுத்திணறல். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வருகிற காரமான வாசனை அறைக்குள் அடித்தால் பையிலிருந்து வாயு கசிகிறது என்று அர்த்தம். ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும் வாயு இது, குழாய்கள் சிலிக்கோனில் இருக்க வேண்டும், வெடிப்பு விட்ட ரப்பர் குழாயைக் கண்டால் அங்கே பராமரிப்பு எப்படி என்று புரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, போகும் வாரங்கள். சீழ் உள்ளே பரவிக்கொண்டிருக்கும்போது ஓசோனை நம்பி மூன்று வாரம் காத்திருந்தால், ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டியது பாதி பாதத்தில் போய் நிற்கும்.

வாக்யூம் கட்டு

புண்ணின் குழிக்குள் ஸ்பாஞ்சை வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, சின்ன மெஷினால் விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள், வழக்கமாக மைனஸ் 125 மில்லிமீட்டர் அழுத்தம். நீர் வெளியேறும், வீக்கம் குறையும், குழி மேலெழும்பிச் சதை நிரம்பும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு. விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ எடுத்த பிறகு இருக்கும் பெரிய திறந்த புண்ணுக்கு, அமெரிக்காவில் 162 பேரை வைத்து நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில் 16 வாரத்தில் 56 சதவீதம் ஆறியது, சாதாரணக் கட்டில் 39. அறுவை செய்யாத சாதாரண உள்ளங்கால் புண்ணுக்கு இதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மேலே சொன்ன சர்வதேசக் குழுவின் வழிகாட்டியும் அப்படிப் பரிந்துரைக்கவில்லை.

செத்த சதையோ வைத்தியம் பார்க்காத எலும்புத் தொற்றோ உள்ளே இருக்கும்போது மேலே வாக்யூம் போட்டு மூடினால் தொற்று உள்ளேயே அடைபடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து, உறிஞ்சிய நீர் சேரும் டப்பாவில் (கேனிஸ்டர்) சிவப்பாக ரத்தம் சேர்வதைப் பார்த்தால் மெஷினை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். செலவில் மறைந்திருப்பது மெஷின் வாடகையும் ஒவ்வொரு தடவையும் புதிய ஸ்பாஞ்ச் கிட்டும். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கும் என்று வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறை

ஓசோனும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள், சம்பந்தமே இல்லை. இதில் ஆளையே ஒரு அறைக்குள் படுக்கவைத்து, இரண்டு இரண்டரை மடங்கு காற்றழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். தடவைக்கு ஒன்றரை மணி நேரம், முப்பது நாற்பது தடவை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 120 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது, காலைக் காப்பாற்றுவதில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அறைக்குள் போக வேண்டிய 60 பேரில் 39 பேர்தான் திட்டப்படி முடித்தார்கள், உடல்நிலையும் தினசரி அலைச்சலும் அவ்வளவு கஷ்டம். ரத்த ஓட்டம் குறைந்து, அடைப்பைத் திறந்த பிறகும் ஆறாத சிலருக்கு மட்டும், பக்கத்திலேயே வசதி இருந்தால், யோசிக்கலாம். காது அடைப்பு, சர்க்கரை திடீரென இறங்குவது இரண்டையும் கவனிக்க வேண்டும்.

பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | வழக்கமான வைத்தியம் | ஓசோன் பை | வாக்யூம் கட்டு | ஆக்சிஜன் அறை |
|---|---|---|---|---|
| ஆதாரம் | வலுவானது | போதாது | அறுவைப் புண்ணுக்கு உண்டு | கலவையானது |
| எலும்புத் தொற்று | மருந்து, அறுவை | எட்டாது | தீர்த்த பிறகே | தனியாகத் தீர்க்காது |
| ரத்த ஓட்ட அடைப்பு | திறக்க வழி உண்டு | ஒன்றும் செய்யாது | திறந்த பிறகே | திறந்த பிறகு துணைக்கு |
| அலைச்சல் | அதிகம் | அதிகம் | குறைவு | மிக அதிகம் |
| மறைசெலவு | ஆள், சம்பள இழப்பு | முன்பணம், போகும் வாரங்கள் | வாடகை, கிட் | தினசரிப் பயணம் |

எந்த நிலைமைக்கு எது

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, காய்ச்சல், குளிர் நடுக்கம், விரல் கறுக்கிறது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்கிறது, நாற்றம் திடீரென்று கூடுகிறது: இதில் எது இருந்தாலும் மேலே உள்ள ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். இரவாக இருந்தாலும்.

கால் சில்லென்று இருக்கிறது, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, புண் வெளிறிக் காய்ந்திருக்கிறது என்றால் ரத்தக்குழாய் டாக்டர் முதலில். சூடான கால், மரத்துப்போன பாதம், உள்ளங்காலில் ஆணி மாதிரி தடித்து நடுவில் குழி என்றால் பாரத்தைக் குறைப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது, ஓசோனுக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குப் போடுங்கள். விரல் எடுத்த பிறகு பெரிய குழியோடு வீட்டுக்கு வருகிறார் என்றால் வாக்யூம் கட்டைப் பற்றிக் கேளுங்கள்.

ஓசோனுக்கு நான் இடம் கொடுக்கும் நிலைமை ஒன்றுதான்: ரத்த ஓட்டம் பார்த்தாயிற்று, எலும்பில் தொற்று இல்லை அல்லது அதற்கு வைத்தியம் நடக்கிறது, செத்த சதை எடுத்தாயிற்று, பாரம் குறைத்தாயிற்று, அப்படியும் புண் மந்தமாக நிற்கிறது, கையில் கடனில்லாத பணம் இருக்கிறது, புண்ணைப் பார்க்கும் டாக்டருக்கும் இது தெரியும். அப்போது பை முறையில் மட்டும், மற்ற வைத்தியத்தை ஒருநாள்கூட நிறுத்தாமல்.

ஓசோன் எடுப்பதென்றே முடிவெடுத்தவர்களுக்கு

போகும் முன் இவற்றைக் கேளுங்கள். வாயு மருத்துவ ஆக்சிஜனிலிருந்து தயாராகிறதா, அறைக்காற்றிலிருந்தா? அறைக்காற்று என்றால் நைட்ரஜன் சேர்ந்த எரிச்சல் வாயுக்களும் கூடவே வரும், வேண்டாம். அடர்த்தி எவ்வளவு, புண் சுத்தமானதும் குறைப்பார்களா? மிச்ச வாயுவை அறைக்குள் விடாமல் அழிக்கும் ஏற்பாடு இருக்கிறதா? ரத்தத்தில் கலப்பது பேக்கேஜில் இருந்தால் ஜி-6-பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா? அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு சிவப்பணுக்கள் உடைந்துபோகும். கர்ப்பிணிக்கும் கட்டுப்படாத தைராய்டு உள்ளவருக்கும் ரத்தத்தில் கலப்பது கூடாது. சென்டரில் "இனிமேல் ஆன்டிபயாடிக் வேண்டாம், இன்சுலின் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை வந்தால் அதற்கு மேல் அங்கே உட்கார வேண்டியதில்லை.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், வாரத்துக்கு வாரம் கட்டுங்கள். முதல் சிட்டிங் அன்றே ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துத் தேதி எழுதி வையுங்கள், நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நாலாவது வாரம் அந்த எண் பாதியாகவில்லை என்றால் ஐந்தாவது வாரத்துக்கான பணத்தைக் கொடுக்காமல், அந்தப் போட்டோக்களோடு கால் புண் பார்க்கும் அறுவை மருத்துவரிடம் போய்விடுங்கள்.